சேதி கசியும் மதியம்

மூச்சை அடக்க வேண்டியதில்லை, இன்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தாராளமாக விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபடியே கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டு மேஜைமேல் குனிந்தாள். பழக்கம் அப்படி லேசில் விடுமா. கறுப்புத் திரைக்குள் பச்சை லேசர் வெளிச்சம் கண்ணாடிக்குக் கண்ணாடி தாவி, கடைசியில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வைரச் சில்லுக்குள் போய் இறங்கியது. லென்ஸைத் தானாக நகர்த்தும் கருவி பழுது பார்க்கப் போய்ப் பழுதோடு அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அவளேதான் திருகை மயிரிழை திருப்பி வெளிச்சத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பினாள். கணினித் திரையில் எண் ஏறியது, சரி, இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நிமிரும்போது கை தானாக நெஞ்சுக்குப் போய், துழாவி, ஒன்றும் அகப்படாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து குளிக்கும்போதும் தூங்கும்போதும் கிடந்த தாலிக்கொடி இப்போது வீட்டில் பீரோவுக்குள், பட்டுச்சேலை மடிப்புக்குள் படுத்திருக்கிறது. இந்நேரம் அவள் கணவர் பூபதி ஏற ஆரம்பித்திருப்பார். காற்றாலைக் கோபுரத்துக்குள் ஏணியில், இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, கொக்கியில் கயிறு. தவறி விழுந்ததற்குப் பிறகு அவர் மறுபடி மேலே ஏறுகிற முதல் நாள் இது. அந்த நாளைப் பார்த்துத்தானா இதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று ஒரு குரல் கேட்டது, அது அம்மாவின் குரல் மாதிரி இருந்தது, பெரியம்மாவின் குரல் மாதிரியும் இருந்தது, ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களும் சேர்ந்து கேட்பது மாதிரியும் இருந்தது. ஃபோன் வெளியே வராந்தாவில் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. இந்த அறைக்குள் ஃபோன் கூடாது.

"எப்படிம்மா வருது?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயசீலன் சார் கேட்டார். அவர்தான் இந்த ஆய்வகத்துக்குத் தலைவர், வாணியின் பேராசிரியர். "வருதுங்க சார், இப்பத்தான ஆரம்பிச்சுது" என்றாள். ஆரம்பித்துத்தான் இருக்கிறது, லட்சக்கணக்கான தடவை ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து சராசரி பார்க்க வேண்டும், மதியம் முழுக்க ஆகும். வைரத்துக்குள் ஒரு கார்பன் அணு காணாமல் போயிருக்கிறது, பக்கத்தில் ஒரு நைட்ரஜன் வந்து குடியேறியிருக்கிறது, அந்தக் காலி மனையில் அடைபட்ட எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்று ஒன்று உண்டு, அது மேலே பார்க்கலாம், கீழே பார்க்கலாம், நுண்ணலையால் ஒரு தட்டு தட்டினால் இரண்டுமாகவும் இருக்கலாம். உலகத்திலேயே இதைவிட எளிய பொருள் கிடைக்காது. இரண்டுமாக இருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தாளம் ஓடும், அந்தத் தாளம் கெடாமல் இருக்கும் வரைதான் இரண்டு. தாளத்துக்கு அவள் எப்போதும் நினைத்துக்கொள்வது வள்ளிக்கும்மியை. கல்லூரி மைதானத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒன்றாக அடி வைத்தபோது நிலம் ஒரே ஒரு சத்தம் போட்டது, அவளும் அதில் ஒருத்தி, பச்சைச் சேலை. பின்வரிசையில் ஒருத்திக்கு முள் குத்தியது, இன்னொருத்தி பிள்ளை அழுகிறதா என்று திரும்பினாள், மற்றொருத்திக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள், யாரும் நிறுத்தவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த ஒற்றைச் சத்தம் உதிர்ந்து வெறும் சலசலப்பாகிவிட்டது. எலக்ட்ரானுக்கும் அதுதான் கதி. பக்கத்தில் ஏதாவது ஒரு காந்தம் அசைந்தால், ஏதாவது ஒரு சூடு தீண்டினால், ஒவ்வொரு தடவையும் தாளம் துளித்துளி தப்பும், சராசரி எடுத்தால் அலை அலையாக வர வேண்டிய கோடு படுத்துவிடும். இசைவு குலைந்துவிட்டது என்று எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.

இந்த மாதம் முழுக்க அப்படித்தான் டீ குடித்தார்கள். கோடு படுத்தது ஏன் என்று கண்டுபிடிக்க என்ன பாடு. முதலில் லிஃப்ட்டைச் சந்தேகப்பட்டார்கள், அதை நிறுத்திப் பார்த்தார்கள், மாடி ஏறி இறங்கி எல்லோருக்கும் முழங்கால் வலிதான் மிச்சம். பிறகு ஏசி. பிறகு வாசலில் நிற்கும் கல்லூரிப் பேருந்து. கடைசியில் பழி கேன்டீன் கிரைண்டர்மேல் விழுந்தது, சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது, மதியத்தில்தானே உளுந்து ஆட்டுகிறார்கள், மதியத்தில்தானே கோடு படுக்கிறது. அதை மதியம் ஓட்டாதீர்கள் என்று சார் எழுதிக் கொடுக்க, மெதுவடை நின்றுபோனது. வளாகமே இயற்பியல் துறையைக் கரித்துக் கொட்டியது. அப்புறமும் கோடு எழுந்திருக்கவில்லை. அவள் சாப்பிடப் போன நேரத்தில் மட்டும் அது நன்றாக எழுந்து நின்றிருப்பதைப் பார்த்தபோதுதான் சார் சிரித்தார், "உன்னைக் கண்டா அதுக்கு வெக்கம் போல இருக்கு வாணி". அவள் சிரிக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்துத் தன் நெஞ்சருகே கொண்டுபோனாள். முள் வடக்கை மறந்து அவள் பக்கம் தலையைத் திருப்பியது. தாலிக்கொடியில் வரிசையாக ஊக்கு. சேலை மடிப்புக்கு, துப்பட்டாவுக்கு, அவசரத்துக்கு என்று எல்லாப் பெண்களையும் போல மாட்டிவைத்த ஊக்கு. வீட்டில் அவை சிதறாமல் இருக்க ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற மாம்பழக் காந்தத்தில்தான் ஒட்டவைப்பார்கள், அதில் ஒட்டிக் கிடந்து அவையும் காந்தமாகிவிட்டன. அவள் குனிகிறாள், கொடி தொங்குகிறது, மூச்சு விட விட ஊக்கு ஆடுகிறது, அது ஆட ஆட எலக்ட்ரானின் தாளம் தப்புகிறது. லிஃப்ட் இல்லை, பஸ் இல்லை, பாவப்பட்ட கிரைண்டர் இல்லை, அவள். கட்டடத்தில் இருக்கிற எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். அன்றைக்குச் சாயங்காலம் கேன்டீனில் வடை வந்தது. அவள்தான் முதல் தட்டு வாங்கினாள், சூட்டில் நாக்கு பொத்துப்போனது, இருந்தாலும் அவ்வளவு ருசியாக ஒரு வடையை அவள் தின்றதே இல்லை.

ஊக்கை மட்டும் கழற்றினால் போதாதா. போதும்தான். ஆனால் கொடியின் கொக்கிக்குள் ஒரு குட்டி எஃகுச் சுருள் இருக்கிறது, திசைகாட்டி அதையும் காட்டிக் கொடுத்துவிட்டது. கொடியே வேண்டாம், சுத்தமாக ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சார் சொல்லவில்லை, அவர் எப்படிச் சொல்வார், அவளேதான் முடிவு செய்தாள். நாளையிலிருந்து கருவி வேறு குழுவின் கைக்குப் போகிறது, இன்றைக்கு விட்டால் ஆடி கழிந்துதான். இன்றைக்குத்தான் பூபதி ஏறுகிறார். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள். அவர் விடியும்போதே கம்பெனி வேனில் போய்விட்டார், "மேல ஏறி எறங்குற வரைக்கும் ஃபோன் அடிக்காத வாணி, நானே கூப்பிடறேன்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு. வேன் தெருமுனை திரும்பிய பிறகு அவள் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கழற்றினாள். கழுத்தில் வெளுப்பாக ஒரு தடம் தெரிந்தது. துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிப் போர்த்திக்கொண்டாள், இந்த வெயிலில். சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் இட்லி வைத்தார். ராசாத்தாள் அத்தை அதிகம் பேசுகிறவர் அல்ல, பேசினால் பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு வார்த்தை. "துப்பட்டா சாம்பார்ல விழுகுது பாரு அம்மிணி" என்றார். "பாத்துக்கறனுங்கத்தை" என்று அவள் அதை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். அத்தை இன்னொரு இட்லியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்டிருப்பார். கேட்காததால் பார்க்கவில்லை. பார்த்தும் கேட்காமல் இருந்தால்? இல்லை, பார்க்கவில்லை. திருகை மறுபடி திருப்பினாள், எண் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, ஏற்றினாள்.

அவளுக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. உலோகம், ஒரு கழுத்து, அங்கிருந்து வெகுதூரத்தில் ஒரு கோபுரம், நடுவே எந்த விசையும் இல்லை, கணக்குப் போட்டுக் காட்டுவாள். நம்பிக்கை இல்லை என்றால் ஏன் கை ஐந்தாறு தரம் நெஞ்சுக்குப் போனது. அது பழக்கம். பழக்கம் என்றால் ஏன் உள்ளங்கை வேர்க்கிறது. ஏசி குளிரில் வேர்க்கிறது. போன மாசியில் அவர் விழுந்தபோது தாலி கழுத்தில்தான் இருந்தது, பத்திரமாக, ஊக்குகளோடு, அப்புறம் ஏன் விழுந்தார். விழுந்தார், ஆனால் பிழைத்தாரே, அது எதனால் என்று அந்தக் குரல் விடாமல் கேட்டது. பெல்ட்டால். கயிற்றில் இருந்த பிடிப்பானால். ஏணிப்படியில் எண்ணெய், கால் வழுக்கியது, ஒரு ஆள் உயரம் விழுந்து கயிறு வெடுக்கென்று பிடித்து நிறுத்தியது, தோள்பட்டை கழன்றது, அந்தரத்தில் தொங்கியவரைக் கூட இருந்தவர்கள் இழுத்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மத்தியானம் சாப்டியா?" அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார், ஒற்றைக் கையால் ரசம் வைத்தார், பெருங்காயம் மட்டும் எப்போதும் தூக்கலாக. அந்த நாட்களை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடும். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் ஆய்வகத்தில் என்ன நடந்தது என்று கேட்பார், உண்மையாகவே கேட்பார். ஒரு நாள் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எலக்ட்ரான் இரண்டுமாக இருப்பதை, அது எந்தப் பக்கம் என்கிற சேதி வெளியே ஒரு பொட்டு கசிந்தால்கூட ஒன்றாகிவிடுவதை. "யாரும் பாக்கலைன்னாலுமா?" என்றார். "ஆள் பாக்க வேண்டியதில்ல மாமா. ஒரு காத்துத் துணுக்கு வந்து மோதிட்டுப் போனாலே போதும். அது சேதிய எடுத்துட்டுப் போயிருமே." அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். "காத்தடிச்சா எனக்குச் சம்பளம். உனக்குக் காத்து பட்டாலே நஷ்டம். நல்ல பொருத்தம் பாத்துத்தான் கட்டிவெச்சிருக்காங்க" என்றார். அன்றைக்கு ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

காற்று. இப்போது அங்கே எவ்வளவு அடிக்கிறதோ. ஏறும் நேரத்தில் இறக்கையைப் பூட்டிவிடுவார்கள், சுற்றாது. ஏறிக்கொண்டிருப்பார், அல்லது விழுந்துகொண்டிருப்பார், அவள் வெளியே போய்ப் பெட்டியைத் திறந்து ஃபோனைப் பார்க்கும் வரை இரண்டும்தான், அதனால் பார்க்காமலே இருந்துவிட்டால். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இதைச் சொல்கிற மாணவர்களை அவள் எத்தனை தடவை உட்கார வைத்திருக்கிறாள். தெரியாமல் இருப்பது வேறு, இரண்டாக இருப்பது வேறு. உனக்குத் தெரியவில்லை என்பதற்காக உன் பரீட்சைத் தாள் பாஸும் ஃபெயிலுமாக இருக்காது தம்பி, திருத்தி முடித்தாயிற்று, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். பூபதி எலக்ட்ரான் இல்லை. எண்பது கிலோ, சூடான உடம்பு, மூக்கின்மேல் எப்போதும் வேர்வை. இந்தக் கணத்தில் எண்ணிச் சொல்ல முடியாத காற்றுத் துணுக்குகள் அவர்மேல் மோதித் திரும்புகின்றன, ஒவ்வொன்றும் அவர் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொண்டு போகிறது. அவர் கையின் சூடு ஏணிக் கம்பிக்குத் தெரியும். அவர் எடை கயிற்றுக்குத் தெரியும். கோபுரத்துக்குள் எரிகிற விளக்கின் வெளிச்சம் அவர் முதுகில் பட்டுச் சிதறி, இங்கே ஓர் ஆள் இருக்கிறான், முழுசாக இருக்கிறான் என்று நாலா பக்கமும் சொல்லிக்கொண்டே போகிறது. அப்படி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அவர் ஒரே ஆளாக, ஒரே இடத்தில் இருக்கிறார். அவள் கவனித்தால்தான் அவர் இருப்பார், அவள் கழுத்தில் கிடந்தால்தான் இருப்பார் என்றால் எவ்வளவு பெரிய வேலை அது, எப்படித் தூங்குவாள், எப்படிக் குளிப்பாள். நல்லவேளை, அந்த வேலை அவள் ஒருத்தியிடம் விடப்படவில்லை. தூசிக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இரும்புக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று. இத்தனை வருஷமாக எதையெல்லாம் இரைச்சல் என்று கரித்துக்கொட்டி வெளியே துரத்த மல்லுக்கட்டினாளோ அதெல்லாம்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண் கலங்கியது. லென்ஸ்மேல் விழுந்துவிடப் போகிறதே என்று துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். யாருக்கென்று இல்லாமல் நன்றி என்று வாய்க்குள் சொன்னாள், சொன்னபோது கூச்சமாக இல்லை. அவளும் அப்படித்தானே. தனியாக விட்டிருந்தால் எத்தனை வாணியாகவும் இருந்திருக்கலாம், டாக்டருக்குப் படித்தவள், படிக்காமலே நின்றவள், கட்டிக்கொள்ளாமலே இருந்தவள். யார் யாரோ இடித்தும் உரசியும் கேட்டும் திட்டியும்தான் இந்த ஒருத்தி ஆனாள். இந்த ஒருத்தியை அவளுக்குப் பிடித்திருக்கிறது.

"வாணி, இங்க வந்து பாரும்மா" என்றார் சார். அவர் குரலில் இருந்ததைக் கேட்டு அவள் திரையை விலக்கிக்கொண்டு போனாள். கோடு எழுந்து, தாழ்ந்து, எழுந்து, தாழ்ந்து, முன்பெல்லாம் படுத்துவிடும் இடத்தைச் சாவகாசமாகத் தாண்டி, இன்னும் போய்க்கொண்டிருந்தது. வெகுதூரம் போய்த்தான் மெல்ல அடங்கியது. அந்தக் கடைசி அடக்கம் வைரத்துக்கு உள்ளேயே இருக்கும் சில கார்பன் அணுக்களால், அவற்றுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் காந்தம் உண்டு, அவை அந்த வீட்டுக்காரர்கள், அவர்களை வெளியே போகச் சொல்ல முடியாது. சார் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார், அது அவர் சந்தோஷம். பிறகு, "வீட்டுல எதுவும் சொல்லலையே?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். "யாருக்கும் தெரியாதுங்க சார்" என்றாள்.

வராந்தாவில் வெயில் சாய்ந்திருந்தது. பெட்டியைத் திறந்தாள். ஃபோனில் பூபதியின் அழைப்பு ஒன்று, எடுக்கப்படாமல். அவர்தான் கூப்பிட்டாரா, அவர் ஃபோனிலிருந்து வேறு யாராவது கூப்பிட்டார்களா. போன தடவை அப்படித்தான் வந்தது. அழுத்தினாள், மணி போனது, போய்க்கொண்டே இருந்தது.

"சொல்லு வாணி." பின்னால் காற்று இரைந்தது.

"எங்கிருக்கீங்க?"

"கீழதான். எறங்கிக் கை கழுவிட்டு உக்காந்திருக்கேன். உன்னோட அளவு வந்துச்சா?"

வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தாள், வேறு வந்தது. "மாமா, நான் தாலியக் கழட்டி வெச்சுட்டு வந்துட்டேன். காத்தால. உங்ககிட்ட கேக்காம."

"தெரியுமே. அம்மா சொன்னாங்க."



"அத்தைக்கு எப்படி?"

"உன்ற கழுத்த அவங்களுக்குத் தெரியாதா. நீ கெளம்புனதும் ஃபோன் பண்ணுனாங்க, நான் அப்பத்தான் பெல்ட் மாட்டிட்டிருந்தேன். ஆராய்ச்சிக்குக் கழட்டியிருப்பா, அவகிட்ட ஒண்ணும் கேக்காதன்னாங்க. அதெல்லாம் கெடக்கட்டும், நீ கொக்கிய இன்னொருக்கா இழுத்துப் பாருடான்னாங்க. ஃபோனக் கையில வெச்சுட்டே இழுக்கச் சொன்னாங்க, அவங்களுக்குச் சத்தம் கேக்கணுமாம்."

"பாத்தீங்களா?"

 

"பாத்தேன் வாணி. கொக்கி பூட்டுனாப்புல இருந்துச்சு, பூட்டல. இழுத்ததும் கையோட வந்துருச்சு. மறுபடி மாட்டிட்டுத்தான் ஏறுனேன்." பிறகு, "லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள்.  பிறகு அத்தைக்கு ஃபோன் போட்டாள்.